நூறு கிராம் உப்பு

கறுப்பு நிறப் பருத்தி டி-ஷர்ட் ஒன்று தைக்க, வெட்டுக்கழிவையும் சேர்த்து ஏறக்குறைய 200 கிராம் துணி பிடிக்கும். அந்தத் துணிக்குச் சாயம் ஏற்ற சுமார் ஒன்றரை லிட்டர் சாயத்தண்ணீர் வேண்டும். அடர் நிறம் என்பதால் லிட்டருக்கு 80 கிராம் அளவில் உப்பு போட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நூறு கிராமைத் தாண்டுகிறது. நம்மில் ஒருவர் பத்து நாள் சாப்பாட்டில் உண்ணும் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

கடையில் வாங்கிவந்த சட்டையில் இந்த உப்பு இருக்காது. துணிக்குள் சாயத்தைத் தள்ளிவிட்டதோடு அதன் வேலை முடிந்தது; கடைசி அலசலுக்குள் அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது. சட்டை கப்பல் ஏறி ஹாம்பர்க்குக்கோ நியூயார்க்குக்கோ போகிறது. உப்பு ஊரில் தங்கிவிடுகிறது. அது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு போனால் மலிவு உடுப்பின் கதையில் ஒரு பாதி கிடைத்துவிடும். மறு பாதி அதை நூற்றவர்களிடமும் தைத்தவர்களிடமும் இருக்கிறது.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் மூன்று பெரிய எண்களைத் தூக்கிப் போடுவது வழக்கம். உலகின் கரியமில வாயுவில் 10 சதவீதம் ஆடைத் தொழிலுடையது. தொழிற்சாலைகளால் வரும் நீர் மாசில் 20 சதவீதம் துணிச் சாயத்தால் வருவது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவு. முதல் இரண்டுக்கும் மூலம் எதுவென்று தேடிப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். கரியமில வாயு விஷயத்தில் கணக்குமுறையை வெளிப்படையாகச் சொல்லும் சில மதிப்பீடுகள் 2 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்கின்றன. அதுவும் சின்ன அளவல்ல. மூன்றாவது எண் பொய்யில்லை, ஆனால் அரைகுறை: பருத்திக்காட்டில் பெய்த மழையும் அந்த லிட்டர்களில் அடக்கம். விதர்பாவின் மானாவாரிச் செடி குடித்த மழைநீரும், ஏரல் கடலுக்குப் போக வேண்டிய ஆறுகளைத் திருப்பி உஸ்பெகிஸ்தானில் பாய்ச்சிய நீரும் ஒரே கணக்கில் வந்தால் அந்தச் சராசரியை வைத்து என்ன செய்வது? உலகச் சராசரியைவிட ஒரு ஆற்றைப் பார்ப்பது மேல்.

அந்த ஆறு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தொட்டுக்கொண்டு சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழைக்காலம் போக மற்ற நாளில் அதில் பெரிதாகத் தண்ணீர் வராது. 1980களில் திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்குத் திரும்பியபோது அந்த ஆற்றங்கரையில்தான் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் வரிசையாக முளைத்தன. உள்நாட்டுக்குப் போன பழைய பனியன் வெள்ளை. சலவை செய்தால் போதும். ஏற்றுமதிக்கு நிறம் வேண்டும். நிறம் என்று வந்தால் உப்பும் வந்தாக வேண்டும். ஏன்?

பருத்தி என்பது செல்லுலோஸ். தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏறிவிடும். இன்று பருத்திக்குப் பெருமளவில் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களை 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை தண்ணீரில் கரைவதற்காக அவற்றின் மூலக்கூறுகளில் சல்ஃபோனேட் தொகுதிகளைச் சேர்த்திருப்பார்கள். அவற்றுக்கும் எதிர்மின்னூட்டம்தான். ஆக, சாயமும் நூலும் ஒன்றையொன்று விலக்குகின்றன. சாயம் தண்ணீரிலேயே சுகமாக இருந்துவிடப் பார்க்கும். அந்த நேரத்தில் உப்பைக் கொட்டினால், அதிலிருந்து பிரியும் சோடியம் அயனிகள் நேர்மின்னூட்டத்தோடு நூலைச் சூழ்ந்துகொண்டு அந்த விலக்கத்தை அமுக்கிவிடுகின்றன. கூடவே, உப்பு நிறைந்த தண்ணீரில் சாயத்துக்கு இடம் குறைகிறது. வேறு வழியில்லாமல் நூலுக்குள் நுழைகிறது. உப்பு எதனோடும் வினைபுரிவதில்லை. போட்டது போட்டபடியே கிடக்கும். அதுதான் பிற்பாடு வினையாக முடிந்தது.

பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மிஷின் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தண்ணீர்க் கணக்கு புரியும். பெரிய எஃகுப் பீப்பாய்க்குள் துணி கயிறு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டுக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் பருத்தியின் மெழுகையும் பழுப்பையும் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வெளியே போகிறது. அலசல், அதுவும் வெளியே. பிறகு சாயம், உப்பு. நிறம் சமமாகப் பரவியதும் 60 டிகிரியில் சோடா போடுகிறார்கள். காரத்தன்மை ஏறியவுடன் சாயம் செல்லுலோஸோடு நிரந்தரமான வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் ரியாக்டிவ் சாயம் எளிதில் போகாததற்குக் காரணம் இந்தப் பிணைப்பு.

ஆனால் காரத்தண்ணீரில் சாயத்துக்கு இன்னொரு துணையும் கிடைக்கிறது: தண்ணீரே. சாயத்தில் ஒரு பங்கு நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். சாயத்தின் வகையைப் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் இப்படி வீணாகிறது. செத்த சாயம் நூலில் ஒட்டிக்கொண்டு, முதல் துவைப்பிலேயே பக்கத்துத் துணியைக் கறையாக்கிவிடும். ஆகவே அதை முழுக்க வெளியேற்ற வேண்டும். ஒரு அலசல், அசிட்டிக் அமிலத்தில் ஒரு அலசல், கொதிக்கக் கொதிக்க சோப்பு, மறுபடி அலசல், மறுபடி அலசல். கடைசியில் சாஃப்ட்னர். ஒரு கிலோ துணிக்கு 50 லிட்டர் தண்ணீரில் முடித்தால் அது நல்ல பட்டறை. பழைய வின்ச் தொட்டிகளில் நூறு லிட்டரையும் தாண்டும்.

இந்தத் தண்ணீரெல்லாம் ஆண்டுக்கணக்கில் நொய்யலுக்குப் போனது. 1992இல் திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டி முடித்தார்கள். கீழே ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசன வசதி கிடைக்கும் என்பது திட்டம். அணையில் தேங்கியது சாயக்கழிவு. அணை கட்டினால் தண்ணீர் விடுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விடாதீர்கள் என்று விவசாயிகள் போராடிய அணை இது. தண்ணீர் சும்மா நிற்கவும் இல்லை. நிலத்துக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. திருப்பூர் நிலத்தடி நீர் சாயம் போடக்கூட லாயக்கில்லாமல் போய், பட்டறைகள் வெளியூர்க் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கும் நிலை வந்தது.

வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்தபிறகு 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு சாயத்தைத் திரட்டிக் கீழே படியவைக்கும் முறை. தண்ணீர் பார்க்கத் தெளிந்தது. பிரச்சினை தீர்ந்ததாகச் சிலர் நம்பினார்கள், சிலர் நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள். அதில் உப்பு அப்படியே இருந்தது. சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்ஃபேட், பாக்டீரியா, எதற்கும் சோடியம் மசியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருந்தது. பட்டறைக் கழிவில் அது சாதாரணமாக 5,000ஐத் தாண்டும். கண்ணுக்குத் தெரிந்த சிவப்புக்கும் நீலத்துக்கும் ஊர் கொதித்தது, அதற்கு வைத்தியமும் நடந்தது. நிலத்தைக் கொன்றது நிறமில்லாத பொருள்.

வாங்குகிறவர்கள் பக்கத்தில் அப்போது நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1994இல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களைத் துணியில் தடைசெய்தது. இந்தியாவும் 1997க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட சாயங்களைத் தடைசெய்தது. நல்ல சட்டம்தான். திருப்பூர் முதலாளிகள் அடித்துப்பிடித்துக்கொண்டு சாயத்தை மாற்றினார்கள். ஏற்றுமதிச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஆய்வகச் சான்று வந்தது. சான்று சோதித்தது சட்டையை. அதைப் போடுகிறவரின் தோலுக்குக் கேடு வரக்கூடாது என்பது அதன் நோக்கம். அலசிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

நிலத்துக்கு என்ன ஆனது? உப்புத் தண்ணீர் பாய்ந்த வயலில் இரண்டு கேடுகள் நடக்கும். முதலாவது எல்லோரும் அறிந்தது: மண்ணீரில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, ஈரம் இருந்தும் பயிர் வாடும். வாழையும் மஞ்சளும் இதைத் தாங்கவே தாங்காது. நல்ல மழை பெய்தால் இது ஓரளவு கழுவப்பட்டுப் போகும். இரண்டாவது ஆழமானது. களிமண் என்பது அப்பளக் கட்டு போல அடுக்கடுக்கான நுண் தகடுகள். கால்சியம் அயனிகள் அந்தத் தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, இடையிடையே காற்றும் நீரும் போக வழிவிட்டு மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும். சோடியம் பெருகினால் கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சோடியத்துக்குத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் வலு இல்லை. அவை பிரிந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. வெயில் பட்டால் மேல்மண் ஓடு போல இறுகும். உவர் நிலம் களர் நிலமாகிவிட்டது என்று வேளாண் துறையினர் சொல்வது இந்த நிலையை. ஜிப்சம் போட்டுக் கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கலாம். ஆனால் விடுபட்ட சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். நொய்யல் கரையில் இல்லாதது அதுதானே.

இழப்பீடும் கொடுத்தார்கள். சூழல் இழப்பு ஆணையம் 2004இல் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு ஏக்கர் மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் அர்த்தம் விளங்கும்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் விடாமல் வழக்கு நடத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல், சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக்கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பனியன் கம்பெனிகள் துணியை லூதியானா போன்ற ஊர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கின. வேலையில்லாமல் பல குடும்பங்கள் ஊர் திரும்பின. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகு, தொழில்நுட்பத்தை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தன.

இன்று திருப்பூரில் இருப்பது உலகில் வேறெந்தப் பின்னலாடை ஊரிலும் இவ்வளவு பெரிய அளவில் பார்க்கக் கிடைக்காத ஏற்பாடு. அதில் எனக்கு மரியாதை உண்டு. கழிவுநீரை முதலில் பாக்டீரியாவுக்குக் கொடுத்துக் கரிமப் பொருளைத் தின்ன வைக்கிறார்கள். பிறகு வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்துகிறார்கள். பெரும்பகுதித் தண்ணீர் நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புக்கரைசல் அடர்த்தியாக ஆக, அதை அழுத்தத் தேவைப்படும் விசையும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வு உதவாது. ஆவியாக்கியே தீர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதை ஆவியாக்க மேலும் 540 வேண்டும். அந்த ஆவியையே அமுக்கிச் சூடேற்றி மறுபடி பயன்படுத்தும் இயந்திரம் வைத்துத்தான் கட்டுப்படியாக்குகிறார்கள்.

உப்பையும் மாற்றினார்கள். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் சல்ஃபேட். இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு: 32 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் இதன் கரைதிறன் மளமளவென்று விழுந்துவிடும். அடர்ந்த கரைசலைக் குளிரவைத்தால் அது கிளாபர் உப்பு என்னும் படிகமாகப் பிரிந்து கீழே உட்காரும். அள்ளி உலர்த்தி மறுபடி சாயத்தொட்டியில் போடலாம். ஆற்றுக்குப் போன உப்பை வட்டமடிக்க வைத்துவிட்டார்கள்.

முழு வட்டமில்லை. படிகமாகாத மிச்சக் கரைசலில் குளோரைடும் சல்ஃபேட்டும் கடினத்தன்மை உப்புகளும் செத்த சாயமும் கலந்திருக்கும். அதை வற்றவைத்தால் கிடைப்பது கலப்பு உப்பு. சாயத்துக்கும் ஆகாது, நிலத்தில் புதைக்கவும் கூடாது. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக, டன் கணக்கில் அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு மின்சாரமும் சவ்வும் ஆளும் வைத்துச் சுத்திகரித்தால் சாயக்கூலி ஏறத்தான் செய்யும். ஏறிய கூலியை வெளிநாட்டு பையர் தருகிறாரா? அவர் கையில் வங்கதேசத்தின், வியட்நாமின், சீனாவின் விலைப்பட்டியல்கள் இருக்கின்றன. திருப்பூர்க்காரர் நொய்யலைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டு விலையைப் பற்றிப் பேசுவார். விளைவு எதிர்பார்க்கக் கூடியதே: சுத்திகரிப்புச் செலவைத் தாங்க மனமில்லாதவர்கள் வேறு இடம் தேடினார்கள். பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத சிறு பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், அவை வேறொரு சந்தில் முளைப்பதும் செய்தித்தாள்களில் வாடிக்கை. நொய்யலுக்குப் பதில் நேரடியாகக் காவிரி.

மலிவு ஃபேஷனின் வேகமும் இந்த உப்புக் கணக்கைக் கூட்டுகிறது. எலன் மக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கைப்படி, 2000க்கும் 2015க்கும் இடையில் உலகில் தைக்கப்படும் உடுப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. ஓர் உடுப்பைத் தூக்கிப் போடுவதற்குமுன் போடும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. பழைய ஆர்டர் என்றால் ஒரே நிறத்தில் ஐம்பதாயிரம் பீஸ். இப்போது பத்து ஸ்டைல், இருபது நிறம், ஒவ்வொன்றிலும் சில நூறு. சின்ன லாட்டுக்கு மிஷின் நிறையாது; துணி குறைந்தாலும் தண்ணீர் அதே விகிதத்தில் குறையாது. நிறம் மாறும்போதெல்லாம் பீப்பாயைக் கழுவ வேண்டும். லேப் டிப் என்னும் ஆய்வக மாதிரியில் ஒப்புதல் வாங்கிய ஷேடிலிருந்து மயிரிழை மாறினாலும் பையர் திருப்பிவிடுவார். சாயத்தை உரித்து மறுபடி போட வேண்டும். மறுபடி உப்பு. மூன்று வாரத்தில் பழசாகப் போகிற நீலத்துக்கு இத்தனை துல்லியம்!

இனி உப்பை விட்டு ஆட்களிடம் வருவோம். சட்டை நூலாக இருந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஸ்பின்னிங் மில்லின் ரிங் பிரேமில் ஒரு பெண் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். நூல் அறுந்த இடத்தில் சட்டென்று பிடித்து ஒட்ட வேண்டும். காற்று வறண்டால் நூல் அறுகிறது என்பதால் மில்லுக்குள் ஈரப்பதத்தை ஏற்றியே வைத்திருப்பார்கள். புழுக்கம், காதை அடைக்கும் சத்தம், பஞ்சுத் தூசி. அந்தத் தூசியில் வெறும் பஞ்சு மட்டும் இல்லை. பருத்திக்காயின் சருகில் வாழ்ந்த பாக்டீரியாக்களின் செல்சுவர் நஞ்சும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுவே மூச்சுக்குழாய்களைச் சுருங்கவைக்கிறது. பைசினோசிஸ் என்னும் இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் நெஞ்சு இறுகும். ஆரம்பத்தில் மறுநாள் சரியாகிவிடும், ஆண்டுகள் போகப்போகத் தினமும் இறுகும், பிறகு திரும்பாது. அமெரிக்கா 1978லேயே பஞ்சுத் தூசிக்குச் சட்ட வரம்பு போட்டுவிட்டது. நோய்க்கு மருந்து தூசியை உறிஞ்சும் இயந்திரம். நாற்பது ரூபாய் முகக்கவசம் அல்ல.

அந்தப் பெண்கள் மில்லுக்கு வந்த விதம் வேறொரு கதை. தென்மாவட்டக் கிராமங்களில் தரகர்கள் வந்து, மூன்று ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று பதின்வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். மில் வளாகத்திலேயே விடுதி. வெளியே போகத் தடை. நினைத்தபோது வீட்டுக்குப் பேச முடியாது. மூன்று ஆண்டு முடியுமுன் உடம்புக்கு முடியாமல் போனாலும் மொத்தப் பணம் கிடையாது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள், நிலமில்லாதவர்கள். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்டபோது ஐரோப்பியக் கடைக்காரர்கள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். அவர்களுடைய தணிக்கைக்காரர்கள் தையல் கம்பெனியோடு திரும்பிவிடுவார்கள். நூல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. இப்போது அந்த விடுதிகள் பலவற்றில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்கள்.

தணிக்கை எதைப் பார்க்கிறது என்பதற்கு ராணா பிளாசாவைவிடக் கொடிய சான்று கிடையாது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவை அடுத்த சவாரில் எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி ஆட்களை அனுப்பிவிட்டது. மேல் மாடித் தையல்காரர்களை மறுநாள் வரச் சொன்னார்கள். ஆர்டர் தேதி நெருங்கியிருந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்த சில கம்பெனிகளில் அதற்குமுன் தணிக்கை நடந்திருந்தது. கட்டடம் நிற்குமா என்பது தணிக்கைக்காரர்களின் கேள்விப் பட்டியலில் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு சாவுக்குப் பிறகே மாற்றம் வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஏற்றுமதித் தையல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தொழிற்சங்கம் பயிற்சி கொடுத்த பெண்கள் ஒவ்வொரு பிரிவிலும் கண்காணித்தார்கள்; புகார் சொன்னவரைப் பழிவாங்க முடியாது; மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்று எச் அண்ட் எம் போன்ற பையரும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டார். ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் வந்த கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இதே மாதிரி பையரைச் சட்டப்படி பிணைத்தது. தானாக எழுதிக்கொண்ட நன்னடத்தை விதிகள் சாதிக்காததை இந்த இரண்டு தாள்கள் சாதித்தன.

சட்டையின் கடைசிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்று உலகில் உண்டாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர், பெட்ரோலியத்தின் பிள்ளை. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மிஷினில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் கணக்கிட்டார்கள். பழைய துணி கானாவின் கன்டாமாண்டோ சந்தைக்குப் போய், விலைபோகாதது கடற்கரையில் ஒதுங்குகிறது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது பெரும்பாடு என்பதால் மறுசுழற்சி என்ற பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. ஆனால் சாயம் ஏறிய பனியன் வெட்டுக்கழிவை நிறம்வாரியாகப் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடி நூலாக்குவதைக் கொங்குநாடு ரொம்ப நாளாகவே செய்து வருகிறது. அந்த நூலுக்கு நிறம் ஏற்கெனவே இருக்கிறது. சாயம் வேண்டாம், உப்பும் வேண்டாம். ஒர்க் ஷாப்பில் கை துடைப்பதைவிடப் பனியன் வேஸ்டுக்கு நல்ல கதி உண்டு என்று வெளியே பலருக்குத் தெரியாது.

உப்பில்லாமல் புதுத் துணிக்கே சாயம் போடவும் முடியும். சாயம் போடுமுன் பருத்தியை ஒரு வேதிப்பொருளில் நனைத்து அதன் மேற்பரப்பை நேர்மின்னூட்டமாக மாற்றிவிட்டால், சாயம் தானே தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த முறை பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். கிலோவுக்குக் கூடுதல் செலவு, ஷேடு சமமாகப் பிடிப்பதில் சிக்கல், வேதிப்பொருளைக் கையாள்வதில் ஆபத்து. இவற்றில் பின்னிரண்டையும் வேதியியலார் பார்த்துக்கொள்வார்கள். முதலாவதற்கு வேதியியலில் விடை கிடையாது.

ஏற்றுமதிக் கம்பெனியின் காஸ்டிங் ஷீட்டைப் பார்த்தால் நூல், நிட்டிங், சாயக்கூலி, கட்டிங், தையல், பட்டன், லேபிள், பாலிபேக், கப்பல்கூலி என்று எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். பையர் அதில் விலை குறைக்கச் சொல்லும்போது கப்பல்கூலியைக் குறைக்க முடியாது. நூல் விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. குறைக்கக்கூடியவை இரண்டுதான், சாயக்கூலியும் தையல்கூலியும். உப்பும் ஆளும் அந்த இரண்டு வரிகளுக்குள்தான் இருக்கிறார்கள். கடை விலையில் தைத்தவரின் கூலி 1 முதல் 3 சதவீதம் என்கிறது கிளீன் கிளோத்ஸ் கேம்பெய்ன். ஆகவே என் தீர்ப்பு இது: கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் குறைந்தபட்சக் கூலியும் பேரம்பேச முடியாத தனி வரிகளாக அந்தத் தாளில் ஏற வேண்டும், கப்பல்கூலியைப் போல.

வெளிநாட்டு பையரிடம் இதைக் கேட்குமுன் நம் வீட்டில் ஒரு பெரிய பையர் இருக்கிறார். விலையில்லா வேட்டி, சேலை, பள்ளிப் பிள்ளைகளின் சீருடை என்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான மீட்டர் துணி வாங்குவது தமிழ்நாடு அரசு. அடுத்த கொள்முதல் விலையை நிர்ணயிக்கும்போது, அந்தத் துணியின் சாயக்கழிவு எந்த நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டது என்ற சான்றைக் கேட்டு, அதற்கான செலவைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்கட்டும். பவானியிலும் குமாரபாளையத்திலும் இரவோடிரவாகக் காவிரியில் திறந்துவிடும் பட்டறைகளுக்குப் புல்டோசரைவிட அது அதிகம் உறைக்கும்.